ஏறாத ஒருத்தி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நல்லவாட்டுக் கரையில் மட்டாடர் வேன் வந்து நின்றது. பதினான்கு பெண்கள் அன்னக்கூடைகளோடு முண்டியடித்து ஏறினார்கள். பதினைந்தாவது பெண் ஏறவில்லை.

அவள் தையலம்மாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, மீன் கூடையை அதன்மேல் ஏற்றிக்கொண்டு, வேனைச் சுற்றிப் போய் ரோட்டில் நடந்தாள். தவளக்குப்பம், பிள்ளையார்குப்பம், அப்புறம் பாகூர். மூன்று மணி நேர நடை.

அந்த வேனை ஏற்பாடு செய்ததே அவள் பெற்ற மகள்தான்.

அஞ்சலாட்சி வேனின் படியில் நின்றபடி அம்மாவின் முதுகைப் பார்த்தாள். மூன்று மாதமாகத் தினமும் பார்க்கிற முதுகு. என்றைக்காவது திரும்பி, "நானும் வரன்டி" என்று சொல்லமாட்டாளா என்று காத்திருந்து காத்திருந்து பார்க்கிற முதுகு.

புதுச்சேரியில் பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிற இந்தப் பெண், கூடையைக் கண்டதும் பஸ்காரர்கள் விசிலடித்துப் போய்விடுகிற மீன்காரிகளுக்காக வண்டி தேடி வில்லியனூர் வரைக்கும் அலைந்த கதை ஊருக்கே தெரியும். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குவதால் 'சொல்தா' என்று பேரெடுத்த மரியசுந்தரம், தன் வீட்டு வாசலில் சும்மா நின்ற வேனைத் தந்தார். தரும்போதே ஒன்றைக் கறாராகச் சொன்னார்.

"உன்ன நம்பித்தான் தரன் பாப்பா. நீ இல்லன்னா வண்டி அன்னைக்கே என் வூட்டுக்கு வந்துடணும். வேற யாரும் வந்து எங்கிட்ட பேசப்படாது."

அவர் மகன் கில்பர்ட்தான் ஓட்டினான். அஞ்சலாட்சியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போன வாரம் பனித்திட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. ஒற்றைச் சம்பந்தமாக இருந்தால் பரவாயில்லை. இது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். அஞ்சலாட்சிக்கு மின்சார ஆபீஸில் வேலை பார்க்கும் தேவநாதன். அவள் அண்ணன் செல்லப்பனுக்குத் தேவநாதனின் தங்கை வள்ளிநாயகி. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமும் அறுந்துபோகும்.

இன்றைக்கு நாலு மணிக்குத் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள்.

வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் செல்லப்பன் வேகமாக வந்தான். தலைமுடியைப் புதிதாக வெட்டியிருந்தான். காதுக்குப் பின்னால், வெயில் படாத தோல் வெளுப்பாகத் தெரிந்தது.

"அஞ்சல, மூணு மணிக்கெல்லாம் வந்துடுவல்ல?"

"வந்துடறண்ணே."

"மாப்பிள்ளையோட மாமா சிங்காரவேலு இன்னா கேட்டாலும் எதுத்துப் பேசாத. சரின்னு ஒண்டி சொல்லு."

"இன்னா கேப்பாரு?"

அவன் கடலைப் பார்த்தான். பிறகு வேனைப் பார்த்தான். கழுத்தைத் தடவிக்கொண்டான். வேனைத்தான் கேட்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

அவனுக்கு முப்பத்தொரு வயது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவைக் கடல் கொண்டுபோனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் கட்டுமரம் ஏறினான். தங்கச்சியின் பள்ளிக்கூடச் சம்பளம், காலேஜ் பஸ், புத்தகம், எல்லாம் அவன் வலையிலிருந்து வந்தது. வள்ளிநாயகியை இரண்டு வருஷமாக, மாசிமகத்துக்கு மாசிமகம், கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன், முதல்முறையாக ஒன்றைக் கேட்கிறான். அதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியவில்லை.

"வந்துடறண்ணே. நீ போய்க் குளி" என்றாள் அஞ்சலாட்சி.

தவளக்குப்பத்தில் ஐஸ் வாங்க வேன் முக்கால் மணி நேரம் நின்றது; அங்கே செலின் மேரி டீச்சர் ஏறினாள். அஞ்சலாட்சியின் கல்லூரியில் விரிவுரையாளர். படிக்கும்போதே ஊருக்கு உதவியாக ஒரு தொழிலைத் தொடங்குகிற மாணவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கையில் சைக்ளோஸ்டைல் தாள்கள்.

கூடைகளுக்கு நடுவில் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாலு கேள்விகள் சுலபமாகப் போயின. ஐந்தாவது கேள்வியைப் படித்தாள்.

"இந்தப் பணியைத் தொடங்க உங்களைத் தூண்டியது எது? சேவை மனப்பான்மை, வேலையில்லாமை, ஆசிரியரின் ஊக்கம், குடும்பத்தின் ஊக்கம், பிற."

"கிறுக்குன்னு போட்டுக்கம்மா" என்றாள் கலியம்மாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கலியம்மாளுக்கு ஐம்பது வயது. வண்டி குலுங்கும்போதெல்லாம் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வாள், குலுக்கம் நின்றதும் அவள்தான் முதலில் வாயைத் திறப்பாள்.

"சேவை மனப்பான்மைன்னு போட்டுக்கங்க டீச்சர்" என்றாள் அஞ்சலாட்சி.

செலின் மேரி பேனாவைத் தாளில் வைக்கவில்லை. "இது வரைக்கும் ஒன்பது பேரைப் பாத்துட்டேன், அஞ்சலாட்சி. திருபுவனையில ஒரு பையன், ஃபாக்டரி ஆளுங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர்றான். அவனும் முதல்ல சேவைன்னுதான் சொன்னான். அப்புறம், அவங்கப்பா படிக்கத் தெரியாம ஏதோ தாள்ல கையெழுத்துப் போட்டு நிலத்தை விட்டாராம். அதைச் சொல்லி அழுதான். நான் கட்டாயப்படுத்தலை. தோணினா சொல்லுங்க."

அந்த நேரத்தில் வேன் தையலம்மாளைக் கடந்தது. அவள் ரோட்டோரமாக ஒதுங்கி நின்று, புழுதி அடங்கியதும் மறுபடி நடந்தாள். வேனைப் பார்க்கவே இல்லை.

அஞ்சலாட்சி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

போன வருஷம் ஆடி மாதம். கூடப் படிக்கும் ஒரு பெண்ணின் அக்கா கல்யாணத்துக்கு, இரண்டு தோழிகளோடு பாகூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். தவளக்குப்பத்தில் அம்மா கூடையோடு ஏறினாள். எப்படியோ கண்டக்டர் ஏற்றிவிட்டான். இரண்டு மைல் போவதற்குள் ஒருத்தர் வேட்டியில் மீன் தண்ணீர் சொட்டிவிட்டதென்று கத்தினார். பஸ் நின்றது. கண்டக்டர் கூடையைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்கு. கூடை கவிழ்ந்து, கானாங்கெளுத்தி அத்தனையும் தாரில் சிதறியது.

"ஐயோ, இன்னா நாத்தம்!" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

அஞ்சலாட்சி ஆமாம் என்று தலையாட்டினாள். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே அம்மா குனிந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. வேன் ஓடத் தொடங்கினால் தூக்கம் வரும் என்று நினைத்தாள். அம்மா ஏறமாட்டேன் என்றதும், அம்மா அன்றைக்குப் பார்த்துவிட்டாள், அதனால்தான் ஏறவில்லை என்று நிச்சயமாகிவிட்டது.

இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பாகூரில் பெண்கள் ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்தார்கள். கில்பர்ட் கலியம்மாளின் கூடையை இறக்கி மார்க்கெட் வாசல் வரை தூக்கிப் போனான். செலின் மேரி ஐந்தாவது கேள்விக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் தாளை மடித்து, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லி பஸ் ஏறினாள்.

அஞ்சலாட்சி வேனுக்குத் திரும்பவில்லை. வந்த வழியே நடந்தாள். நாலு மணிக்கு முன்னால் அம்மாவிடம் பேசிவிட வேண்டும். அதற்கப்புறம் அது வேறு வீட்டுப் பெண்ணின் பேச்சாகிவிடும்.

பிள்ளையார்குப்பத்து டீக்கடையில் கேட்டதும், அம்மா போன வழியைக் காட்டினார்கள். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயல்வரப்பில் இரண்டு பர்லாங்கு போனால் ஒரு ஓட்டு வீடு. அதன் பின்பக்கம் தையலம்மாள் அரிவாள்மணையில் பால்சுறா அரிந்துகொண்டிருந்தாள். உள்ளே பிறந்த குழந்தை அழுதது.

"இங்க இன்னாடி பண்ற? வூட்டுல அம்மாம் வேலை கெடக்குது."

"எம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அஞ்சலாட்சி சொன்னாள். பஸ்ஸை, தோழியை, கைக்குட்டையை, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை தையலம்மாளின் கை நிற்கவில்லை. துண்டுகளைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினாள்.

"தெரியும்" என்றாள்.

"அன்னைக்கே பாத்துட்டியா?"

"அன்னைக்கு நேரமாயிடுச்சுன்னுதான் பஸ் ஏறுனன். ஏறும்போதே உன்னப் பாத்துட்டன். ரெண்டு புள்ளைங்களோட சிரிச்சுகினு இருந்த. சரி, நம்ம அந்தாண்ட போவப்படாதுன்னு பின்னாடியே நின்னு முக்காடு போட்டுகினன். மொகத்த மொதல்ல மறைச்சது நாந்தான்."

அஞ்சலாட்சி அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அப்ப அந்தக் கோவத்துலதான் வேன்ல ஏற மாட்டேங்கறியா?" என்றாள்.

தையலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே புரியாத பார்வை.

"கோவமா? இன்னாத்துக்குடி கோவம்? எனக்கு வழியில பதினோரு வூடு இருக்குது. இவ புள்ள பெத்து இருவது நாளாவுது, பால் இல்ல. பால்சுறா கொண்டாந்து குடுக்கறன். உன் வண்டி ரோட்டோட போவுது. வரப்புல எறங்குமா? நான் வேன்ல போயிட்டா இவுங்களுக்கெல்லாம் யாரு மீன் போடறது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டியா? ஒரு நாளு வந்து, வண்டி வருது, நீ ஒக்காந்து போலாம்ன. எனக்கு வேணுமான்னு கேக்கல."

அம்மா திட்டியிருந்தால் தேவலை. அவள் கணக்காக, சாதாரணமாகச் சொன்னாள். அம்மாவுக்காக என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி அம்மாவுக்குத் தேவையே இல்லை. மூன்று மாதம் எதன்மேல் ஏறி நின்றாளோ, அது காலடியில் இல்லை.

"அப்ப இந்த வேனே வெட்டி வேலையா?" என்றாள்.

"அப்படியாரு சொன்னது?" தையலம்மாள் கையைக் கழுவினாள். குரலைத் தாழ்த்தினாள். "கலியம்மாளுக்கு அடிவயிறு எறங்கிக் கெடக்குது. கர்ப்பப்பை. ரெண்டு வருசமா துணி வெச்சுக் கட்டிகினு கூடை தூக்கினா. இனிமே செமந்தா பொழைக்க மாட்டன்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாங்க. உன் வண்டி வந்துதான் அவ இன்னைக்கும் ஏவாரம் பண்றா. வேன்ல போற பதினாலு பேர்ல இன்னும் மூணு பேருக்கு அதே கதைதான். வெளில சொல்லமாட்டாளுங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

மூன்று மாதம் அந்தப் பெண்களோடு ஒரே வண்டியில் போயிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஜன்னல் வழியாக அம்மாவைத் தேடிக்கொண்டு போனாளே தவிர, எதிரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளைப் பார்க்கவில்லை. இப்போது கலியம்மாளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கை வந்தது.

அந்த வண்டி வேண்டும் என்று அஞ்சலாட்சிக்குத் தோன்றியது. அம்மாவுக்காக இல்லை, அவள் தூக்கத்துக்காக இல்லை. அந்த வண்டி ஓட வேண்டும். இப்படித் தோன்றியது இதுதான் முதல் தடவை.

"எம்மா, நாலு மணிக்கு அவுங்க வேனை நிறுத்தச் சொல்லப் போறாங்க."

"தெரியும்."

"நான் இன்னா சொல்றது?"

தையலம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். வரப்பில் இறங்கும்போதுதான் சொன்னாள்.

"உங்கண்ணன் எட்டாங்கிளாஸ்ல நல்லா படிச்சான்டி. கணக்குல அவன்தான் மொதல். பள்ளிக்கூடம் போறியா, கடலுக்குப் போறியான்னு அவனையும் யாரும் கேக்கல. நானே கேக்கல."

கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தாள்.

நாலு மணிக்குப் பனித்திட்டுக்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, இரண்டு புடவை. செல்லப்பன் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூணோரமாக நின்றான். வள்ளிநாயகி வரவில்லை. அவள் கட்டிய கனகாம்பரச் சரம் தாம்பாளத்தில் வந்திருந்தது. செல்லப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவநாதனின் தாய்மாமன் சிங்காரவேலு தொண்டையைக் கனைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஊரில் நாலு பேருக்கு நல்லது செய்தவர். அதனாலேயே அவர் சொல்லை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"பொண்ணு படிச்ச பொண்ணு. எங்களுக்குப் பெருமை. ஒரே ஒரு விசயம். அந்த வேன் இன்னையோட நிக்கணும்."

தையலம்மாள் வாசற்படியை விட்டு அசையவில்லை.

"மாமா" என்றாள் அஞ்சலாட்சி. செல்லப்பனின் தலை சட்டென்று நிமிர்ந்தது. "நான் வண்டில போவல. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே வரல. அதுல போற பொம்பளைங்களே நடத்திக்கட்டும். வண்டி ஒண்டி ஓடட்டும்."

சிங்காரவேலு பொறுமையாகத் தலையை ஆட்டினார்.

"கண்ணு, ஊர்ல அத மீன் வேனுன்னா சொல்றான்? அஞ்சலாட்சி வேனுன்னு சொல்றான். அது ஓடற வரைக்கும் உம் பேரும் ரோட்டுல ஓடும். வில்லியனூரு பையன் ஒருத்தன் ஓட்டறான்னு நாலு பேரு நாலு விதமா பேசறான். அவன் நல்ல பையனாவே இருக்கட்டும். நாளைக்கு எங்க வூட்டு வெளக்க ஏத்தப் போறவ நீ. அந்தப் பெரியவரும் உன் மொகத்துக்குத்தான் வண்டி குடுத்தாராமே? நீ இல்லன்னா வூட்டுக்கு வந்துடணும்னு சொல்லியிருக்காராமே?"

விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

தேவநாதன் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல உதடு அசைந்தது. மாமா திரும்பிப் பார்த்ததும் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டான். அவனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அஞ்சலாட்சிக்குப் பட்டது.

"இன்னா சொல்ற கண்ணு? நல்ல நேரம் போய்கினு இருக்குது."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். செல்லப்பன் கெஞ்சவில்லை. கோபப்படவும் இல்லை. இது கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டவன் போல, பூச்சரத்திலிருந்து மெதுவாகக் கண்ணை எடுத்துக்கொண்டான். பதினாறாம் நாள் முடிந்து கட்டுமரத்தைப் பார்த்த பையனும் இப்படித்தான் நின்றிருப்பான்.

அதைத் தாங்க அவளால் முடியவில்லை.

"சரிங்க மாமா" என்றாள். "நிறுத்திடறன்."

"இதுதான் வேணும்" என்றார் சிங்காரவேலு. தாம்பாளம் கை மாறியது. யாரோ குலவை போட்டார்கள். கேசரி வந்தது. யாரோ செல்லப்பனைக் கேலி செய்ய, அவன் சிரித்தான். அண்ணனுக்கு மேல்வரிசையில் ஒரு பல் உடைந்திருப்பது அஞ்சலாட்சிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் வந்தாள். தொட்டியருகே நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

"அஞ்சல!"

கலியம்மாள். இரவல் கொடுத்த பாயை வாங்கிப் போக வந்தவள், சந்து வழியாக மெல்ல நடந்து வந்தாள். உள்ளே நடந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை. குலவைச் சத்தம்தான் விழுந்திருந்தது.

"முடிஞ்சுதாடி? நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சின்னம்மா."

கலியம்மாள் இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் முறித்துக்கொண்டாள். கையில் இன்னும் மீன் வாசம் இருந்தது. "உங்கப்பன் இருந்து பாக்கணும்டி இத. செல்லப்பனுக்கும் ஒரு வழி பொறந்துது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் மாறியது. "தோ பாரு, நாளைக்கு ஞாயித்துக்கெழம. பாகூர்ல மீனு நெறைய போவும். சங்கரா ஒரு கூடை கூட சொல்லி வெச்சிருக்கறன். ரெண்டு கூடை. வண்டி இருக்கற தைரியம்தான். காலைல ஏழு மணிக்கு வந்துடுமில்ல?"

உள்ளே செல்லப்பன் மறுபடி சிரிக்கிற சத்தம் கேட்டது.

கலியம்மாள் ஒரு கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதில் இறக்கிக்கொண்டு, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடும் சின்னம்மா" என்றாள் அஞ்சலாட்சி.

கலியம்மாள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அரைமணி நேரத்துக்குள் இரண்டு வாக்கு கொடுத்தாகிவிட்டது. இரண்டில் ஒன்று பொய். எது என்று அஞ்சலாட்சிக்கே தெரியவில்லை.